பிபிபி கடனும் 1099 கான்ட்ராக்டரும்: எந்தப் பணம் யாருக்குப் போகலாம்?

2020-ல் கொரோனா அமெரிக்காவில் கடைகளை மூடவைத்தபோது, சிறுதொழில்களுக்கென்று அந்நாட்டு அரசு கொண்டுவந்த கடன் பேச்செக் புரொடெக்‌ஷன் புரோகிராம். எல்லோரும் பிபிபி என்றே சொன்னார்கள். வட்டி 1 சதவீதம். விதிப்படி செலவழித்தால் கடன் முழுவதும் தள்ளுபடி. அதை வாங்கிய சிறு முதலாளிகள் பலருக்கும் முதலில் எழுந்த கேள்வி இதுதான்: “என்னிடம் மூன்று பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள், நான்கு பேர் 1099-ல், அதாவது சம்பளப் பட்டியலுக்கு வெளியே கான்ட்ராக்டர்களாக, இருக்கிறார்கள். இந்தப் பணத்தில் அந்த நான்கு பேருக்கும் கொடுக்கலாமா?”

கொடுக்கக் கூடாது. ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் கான்ட்ராக்டர்களைக் கைவிட்டார்கள். “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று கொடுத்தவர்கள் பின்னால் சிக்கிக்கொண்டார்கள். இரண்டுமே தேவையில்லாத முடிவுகள். கடன் பணம் கான்ட்ராக்டரின் கைக்குப் போகக் கூடாதே தவிர, கான்ட்ராக்டருக்குக் கொடுப்பதற்கான பணத்தை அந்தக் கடனால் விடுவிக்க முடியும். இது எப்படி என்று புரிந்தால் மற்ற விதிகள் தானாகவே பிடிபடும். புதிய கடன் வழங்குவது 2021 மே 31-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் தள்ளுபடி, தணிக்கை, விசாரணை ஆகியவற்றில் இந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் டபிள்யூ-2, 1099 என்ற இரண்டு சொற்கள். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்டு, சமூகப் பாதுகாப்பு மற்றும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியில் தன் பங்கான 7.65 சதவீதத்தையும் முதலாளி கட்டினால், அந்தச் சம்பளம் வாங்குபவர் ஊழியர். ஆண்டு முடிந்ததும் டபிள்யூ-2 படிவம் பெறுவார். கான்ட்ராக்டர் பில் கொடுப்பார், முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வார், 15.3 சதவீத சுயதொழில் வரியைத் தானே கட்டுவார். அந்தக் காலத்து வரம்பின்படி ஆண்டில் 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் அவருக்கு 1099 படிவம் அனுப்ப வேண்டும். 2019-க்கு அது 1099-மிஸ்க் படிவத்தின் 7-ஆம் கட்டம். 2020 முதல் 1099-நெக் என்ற தனிப் படிவம். பிபிபி விதிகளின் பார்வையில் கான்ட்ராக்டர் உங்கள் ஆள் இல்லை, அவரே ஒரு தனித் தொழில்.

குழப்பம் எங்கே தொடங்கியது

மக்களைக் குறை சொல்ல முடியாது. பிபிபி-யைக் கொண்டுவந்த கொரோனா நிவாரணச் சட்டமான, 2020 மார்ச் 27-ல் கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தின் வாசகமே அப்படி இருந்தது. “சம்பளச் செலவு” என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், தனிநபர் தொழில்முனைவோருக்கோ கான்ட்ராக்டருக்கோ கிடைக்கும் ஊதியமும் வருமானமும் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரை சேரும் என்று எழுதியிருந்தார்கள். வேகமாகப் படித்தால், நான் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பணமும் என் சம்பளச் செலவுதான் என்றே தோன்றும். நிறையப் பேர் அப்படியே படித்து 1099 தொகைகளையும் கூட்டிக் கணக்குப் போட்டார்கள்.

ஆனால் அந்த வரி, கான்ட்ராக்டர் தானே விண்ணப்பிக்கும்போது அவருடைய வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்காக எழுதப்பட்டது. சிறுதொழில் நிர்வாக அமைப்பான எஸ்பிஏ, ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியிட்ட இடைக்கால விதியில் இதைத் தெளிவாக்கியது: கான்ட்ராக்டர்கள் தாங்களே கடனுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், அவர்களை அமர்த்தியவரின் கடன் கணக்கிலும் சேர்க்கக் கூடாது, தள்ளுபடிக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. ஒரே ஆளின் வருமானத்துக்கு இரண்டு பக்கம் கடன் போய்விடக் கூடாது என்பதே காரணம்.

கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்றம் நினைத்த இடத்தில் அதை வெளிப்படையாகவே எழுதியது. 2020 டிசம்பர் 27-ல் சட்டமான நிவாரணத் தொகுப்பில், மூடிக்கிடந்த நாடக அரங்குகள், இசை அரங்குகள், திரையரங்குகளுக்கான மானியம் ஒன்று இருந்தது. அதன் அனுமதிக்கப்பட்ட செலவுகளில், 1099 படிவத்தில் காட்டப்படும் கான்ட்ராக்டர் ஊதியம், ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரம்போடு, நேரடியாகவே இடம்பெற்றது. மேடை விளக்குக்காரரும் ஒலிக்காரரும் பெரும்பாலும் 1099-ல்தான் வேலை செய்வார்கள் என்பது தெரிந்தே எழுதப்பட்ட விதி அது. பிபிபி-யில் அப்படி ஒரு வரி கடைசிவரை வரவில்லை.

கணக்கு தவறினால் எவ்வளவு தவறும்

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய வெப்சைட் வடிவமைப்பு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரையும் சேர்த்து மூன்று பேர் டபிள்யூ-2 சம்பளத்தில்: 54,000, 60,000, 66,000 டாலர். மொத்தம் 1,80,000. நான்கு கான்ட்ராக்டர்களுக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் கொடுக்கிறார்கள்.

முதல் கடனின் அளவு சராசரி மாதச் சம்பளச் செலவின் இரண்டரை மடங்கு. 1,80,000-ஐ 12-ஆல் வகுத்தால் 15,000. இரண்டரையால் பெருக்கினால் 37,500 டாலர். இதுதான் சரியான கடன். கான்ட்ராக்டர் பணத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 3 லட்சம், மாதத்துக்கு 25,000, கடன் 62,500. கூடுதலாக வந்த 25,000 டாலர் பிழைத் தொகை. தெரியாமல் நடந்த பிழை என்றால் அந்தத் தொகை தள்ளுபடியாகாமல் 1 சதவீத வட்டிக் கடனாகத் தலையில் நிற்கும். தெரிந்தே செய்தது என்றால் அது மோசடிக் குற்றச்சாட்டு வரை போகும்.

சம்பளச் செலவு என்பதில் எதெல்லாம் சேரும் என்பதும் இங்கே முக்கியம். வரிப் பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளம் (ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரை), முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, மாநில வேலையில்லாக் காப்பீட்டு வரி ஆகியவை சேரும். முதலாளி கட்டும் 7.65 சதவீதப் பங்கு சேராது. கான்ட்ராக்டரைக் கூட்டுவதற்கு அடுத்தபடியாக அதிகம் நடக்கும் பிழை, இந்த 7.65 சதவீதத்தைக் கூட்டிவிடுவது.

“40 சதவீதம் என் விருப்பம்” என்ற தப்பான நம்பிக்கை

முதலில் கடனில் 75 சதவீதம் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்றிருந்தது. 2020 ஜூன் 5-ல் வந்த திருத்தச் சட்டம் அதை 60 ஆகக் குறைத்தது, கடன் பணத்தைச் செலவழிக்க வேண்டிய காலத்தை 8 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டியது. உடனே பரவிய பேச்சு: மீதி 40 சதவீதத்தைக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துக்கொள்ளலாம், தள்ளுபடிதானே கிடைக்காது, 1 சதவீத வட்டிதானே!

அப்படி இல்லை. மீதி 40 சதவீதத்துக்கும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது: வாடகை, கடன் வட்டி, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையம் போன்றவை. பட்டியலில் இல்லாத செலவு, தள்ளுபடியாகாத செலவு மட்டுமல்ல, அனுமதிக்கப்படாத செலவு. அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டு என்று எஸ்பிஏ சொல்லலாம். அனுமதி இல்லாத வழியில் தெரிந்தே செலவழித்தால் சட்டப்படி பொறுப்பாவேன் என்று விண்ணப்பத்திலேயே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

2020 டிசம்பர் சட்டம் பட்டியலை நீட்டியபோது சில சிறு கதவுகள் திறந்தன. இவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். தொழிலை நடத்த உதவும் மென்பொருள், கிளவுட் சேவைக் கட்டணம் சேரும். ஆகவே கணக்கு மென்பொருளின் மாதச் சந்தா சேரும். அதே கணக்கை எழுதித்தரும் பகுதிநேரக் கணக்கருக்கான பில் அந்த வாசகத்துக்குள் வராது. சப்ளையர் செலவும் சேர்ந்தது, ஆனால் பொருள் தருபவருக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் முன்கூட்டியே ஒப்பந்தமோ ஆர்டரோ இருந்தால்தான். சேவை தரும் கான்ட்ராக்டரை சப்ளையர் என்று பெயர் மாற்றி எழுத இடமில்லை.

கான்ட்ராக்டர் பில் உண்மையிலேயே நுழையக்கூடிய இடம், ஊழியர் பாதுகாப்புச் செலவு. சுகாதார விதிக்காகக் கல்லாவுக்கு முன் கண்ணாடித் தடுப்பு போட்டது, காற்றோட்டம் சரிசெய்தது, வெளியே உட்காரும் இடம் அமைத்தது போன்றவை இதில் அடங்கும். இங்கே பார்க்கப்படுவது என்ன வேலை நடந்தது என்பதுதான், செய்தவர் ஊழியரா வெளியாளா என்பதில்லை. தச்சரின் பில்லோடு, எந்த விதிமுறைக்காக அந்த வேலை என்பதையும் எழுதி வைத்தால் போதும்.

சரியான வழி: விடுவிக்கப்பட்ட பணம்

மேலே சொன்ன நிறுவனத்துக்கே திரும்புவோம். வாரச் சம்பளச் செலவு ஏறத்தாழ 3,460 டாலர். 24 வாரத்தில் அது 83,000-ஐத் தாண்டும். கடனோ 37,500. அதாவது வேறு எதையும் தொடாமல், சம்பளத்தை மட்டும் காட்டியே முழுக் கடனுக்கும் தள்ளுபடி கேட்கலாம். பதினோரு வாரச் சம்பளத்தைக் கடன் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பதினோரு வாரமும் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்து சம்பளத்துக்குப் போயிருக்க வேண்டிய 37,500 டாலர் கையில் நிற்கும். அது கடன் பணமல்ல, உங்கள் வியாபாரப் பணம். அதில் கான்ட்ராக்டர்களுக்குக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. மாதம் 10,000 வீதம் மூன்றே முக்கால் மாதம் தாங்கும்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று தயங்குபவர்கள் உண்டு. இல்லை. சம்பளத்தை அரசு தாங்கினால் மற்ற செலவுகளைத் தொழில் தானே தாங்கும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை.

செய்முறையில் ஒழுங்கு வேண்டியிருந்தது. கடன் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். சம்பள நாளில் சம்பளத் தொகையை மட்டும், வாடகை நாளில் வாடகையை மட்டும் அதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். கான்ட்ராக்டருக்கான செக்கும் ஜெல் (கைபேசி வழி வங்கிப் பணப் பரிமாற்றம்) மூலம் அனுப்பும் பணமும் எப்போதும் பழைய வியாபாரக் கணக்கிலிருந்தே போயிருக்க வேண்டும். சட்டம் தனிக் கணக்கைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு அதிகாரி கேட்கும்போது, கலந்து கிடக்கும் ஒரே கணக்கின் பக்கங்களில் விரல் வைத்து விளக்குவது பெரும்பாடு. கைதவறிக் கடன் கணக்கிலிருந்தே கான்ட்ராக்டருக்குப் போய்விட்டிருந்தால், அதே தொகையை வியாபாரக் கணக்கிலிருந்து உடனே திருப்பிப் போட்டு, தேதியோடு ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. வியாபாரம் முழுக்க நின்றுபோய் வருமானமே இல்லையென்றால், விடுவிக்க ஒரு பணமும் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு இருந்த வழி வேறு கடன்.

இஐடிஎல்: கான்ட்ராக்டருக்கும் கொடுக்க முடிந்தது, ஆனால் தள்ளுபடி இல்லை

பேரிடர்க் காலப் பொருளாதார இழப்புக் கடன், சுருக்கமாக இஐடிஎல், எஸ்பிஏ நேரடியாகக் கொடுத்தது. இது நடைமுறை மூலதனத்துக்கான கடன். கட்ட வேண்டிய பில்கள், சம்பளம், வழக்கமான செலவுகள் எல்லாம் இதில் அடங்கியதால் கான்ட்ராக்டர் பில்லைத் தாராளமாக இதிலிருந்து கட்ட முடிந்தது. வட்டி 3.75 சதவீதம், 30 வருடத் தவணை. 1,50,000 டாலர் வாங்கியவர்களுக்கு மாதத் தவணை 731 டாலர் என்று வந்தது. 25,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களின் தொழில் சொத்துகள் மீது, கடனுக்கு ஈடாக, எஸ்பிஏ-யின் பிடிமானம் பதிவானது. பின்னாளில் தொழிலை விற்கப்போகும்போது இது குறுக்கே நிற்கும்.

பிபிபி, இஐடிஎல் இரண்டையும் ஒருவரே வாங்க முடிந்தது. ஒரே செலவை இரண்டிலும் காட்டக் கூடாது, அவ்வளவுதான். சம்பளத்துக்கு பிபிபி, கான்ட்ராக்டருக்கும் சரக்குக்கும் இஐடிஎல் என்று பிரித்துக்கொண்டவர்களின் கோப்புதான் படிக்கச் சுலபமானது.

கான்ட்ராக்டர் தானே வாங்கிய கடன்

முதலாளி கொடுக்க முடியாது என்ற விதியின் மறுபாதி இது. ஆனால் நடைமுறையில் கான்ட்ராக்டர்கள் பின்வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். மற்ற சிறுதொழில்களுக்கு 2020 ஏப்ரல் 3-ல் விண்ணப்பம் திறந்தது, இவர்களுக்கு ஏப்ரல் 10-ல். இவர்களின் கடனை எப்படிக் கணக்கிடுவது என்ற விதி ஏப்ரல் 14-ல் வந்தது. 16-ஆம் தேதியே, முதல் ஒதுக்கீடான 34,900 கோடி டாலரும் தீர்ந்துவிட்டது. இரண்டே நாளில் என்ன செய்ய முடியும்? ஏப்ரல் 24-ல் கூடுதல் நிதி ஒதுக்கப்பட்ட பிறகுதான் பலருக்கும் வழி பிறந்தது.

கணக்கு எளிது. 2019 வருமான வரிப் படிவத்தில், சுயதொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி-யின் 31-ஆம் வரியில் உள்ள நிகர லாபம் (1 லட்சம் வரை), அதை 12-ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்க வேண்டும். நிகர லாபம் 48,000 என்றால் கடன் 10,000 டாலர். உச்ச அளவு 20,833. ஊழியர் இல்லாதவருக்கு, அந்த இரண்டரை மாத வருமானத்தை உரிமையாளர் ஊதியம் என்ற பெயரில் தனக்கே எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. 24 வாரக் காலத்தைத் தேர்ந்தெடுத்தால் முழு 10,000-மும் தள்ளுபடி. 8 வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் 52-ல் 8 பங்கு, அதாவது சுமார் 7,385 டாலர் மட்டுமே ஊதியமாகக் காட்ட முடியும். காலத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு கட்டத்தில் 2,600 டாலர் வித்தியாசம்.

செலவுகளையெல்லாம் கழித்து நிகர லாபத்தைப் பூஜ்யமாகக் காட்டியவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கார் ஓட்டிப் பிழைப்பவர், பெட்ரோலும் தேய்மானமும் கழித்தபின் லாபமே இல்லாதவர், இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2021 மார்ச் 3-ல் விதி மாறி, 7-ஆம் வரியின் மொத்த வருமானத்தை வைத்தும் கணக்கிடலாம் என்று ஆனது. ஆனால் அதற்கு முன்பே கடன் ஒப்புதல் பெற்றவர்களுக்குத் தொகையை உயர்த்தித் தரவில்லை. பொறுமையாக இருந்தவருக்கு அதிகம், அவசரத்தில் வாங்கியவருக்குக் குறைவு என்ற இந்த அநியாயம் கடைசிவரை சரிசெய்யப்படவே இல்லை.

வேலையில்லா உதவித்தொகையையும் வாங்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர்கள், பிபிபி-யிலிருந்து தனக்கு எடுத்த பணத்தை அந்தந்த வார வருமானமாக மாநிலத்திடம் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் உதவித்தொகை குறையும், அல்லது நிற்கும்.

கான்ட்ராக்டரை ஊழியராக்கியிருந்தால்?

ஆக்க முடிந்தது. சம்பளப் பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குக் கொடுப்பது சம்பளச் செலவு, தள்ளுபடிக் கணக்கில் சேரும். ஆனால் கடன் தொகை பழைய சம்பளப் பட்டியலை வைத்துத்தான், அது உயராது. வரிப் பிடித்தம், 7.65 சதவீதப் பங்கு, வேலையில்லாக் காப்பீடு, விபத்துக் காப்பீடு எல்லாம் கூடவே வரும். யார் வேலை நேரத்தையும் முறையையும் தீர்மானிக்கிறார்கள், கருவிகள் யாருடையவை, வேறு வாடிக்கையாளர்கள் உண்டா என்பதை வைத்துத்தான் ஒருவர் ஊழியரா இல்லையா என்று வரித்துறை பார்க்கும். தள்ளுபடிக் காலம் முடிந்த மறுநாளே மீண்டும் 1099-க்கு மாற்றினால், முன்னால் செய்தது தவறா பின்னால் செய்தது தவறா என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. உண்மையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்திருக்க வேண்டிய மாற்றம் இது.

சம்பள நிர்வாகத்தை வெளி நிறுவனத்திடம் விட்டு, டபிள்யூ-2 அந்த நிறுவனத்தின் பெயரில் வந்தாலும், கூட்டு வேலையளிப்பு ஒப்பந்தம் இருந்தால் அவர்கள் உங்கள் ஊழியர்களே. கணக்கில் சேரும். தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஆட்கள் அந்த ஏஜென்சியின் ஊழியர்கள், சேராது.

அமெரிக்காவில் நிறுவனமும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆட்களும் வைத்து நடத்தும் தமிழர்கள் பலர் உண்டு. முதன்மை வசிப்பிடம் அமெரிக்காவுக்கு வெளியே என்றால், சம்பளப் பட்டியலில் இருப்பவராக இருந்தாலும் அவருடைய ஊதியம் பிபிபி கணக்கில் சேராது. இந்தியாவில் இருந்து வேலை செய்யும் கான்ட்ராக்டருக்கு 1099-உம் கிடையாது, தான் வெளிநாட்டவர் என்று அவர் உறுதி தரும் டபிள்யூ-8பென் படிவம் வாங்கி வைக்க வேண்டும். அவருக்கான பணமும் வியாபாரக் கணக்கிலிருந்தோ இஐடிஎல்-லிருந்தோதான் போயிருக்க வேண்டும்.

காகிதங்கள்

தள்ளுபடி ஆகிவிட்டது என்று கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2022 ஆகஸ்டில் வந்த சட்டம், பிபிபி மோசடி வழக்குத் தொடுப்பதற்கான காலத்தை 10 ஆண்டாக்கியது. 2021-ல் வாங்கிய கடனுக்கு 2031 வரை கேள்வி வரலாம். வைத்திருக்க வேண்டியவை: விண்ணப்பத்தில் போட்ட கணக்குத் தாள், 2019 மற்றும் 2020-ன் காலாண்டு 941 படிவங்கள் (முதலாளியின் சம்பள வரி அறிக்கை), கடன் பணம் வந்த நாளிலிருந்து தள்ளுபடிக் காலம் முடியும்வரை இரண்டு வங்கிக் கணக்குகளின் பட்டியல், சம்பள மென்பொருளின் அறிக்கை, வாடகை ரசீது, எஸ்பிஏ-யின் தள்ளுபடிக் கடிதம். கூடவே, அந்தக் காலத்தில் கான்ட்ராக்டர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று காட்டும் ஒரு தாள். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அதனால் பலரிடம் இருப்பதில்லை. தணிக்கையில் 1099 படிவங்கள் மேசைக்கு வரும்போது முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.

1099 தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டது தள்ளுபடி விண்ணப்பம் போடும் முன்பே தெரியவந்திருந்தால், சரியான தொகைக்கு மட்டும் தள்ளுபடி கேட்டு, மீதியைக் கட்டத் தொடங்க முடிந்தது. இப்போதுதான் தெரியவருகிறது என்றால், ஏற்கெனவே முழுத் தள்ளுபடியும் வாங்கியவர்கள், கடன் கொடுத்த வங்கியோடு பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், கணக்காளரான சிபிஏ-வை மட்டும் அல்ல. வழக்கறிஞரிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கணக்காளரிடம் சொல்வதற்கு அதே அளவில் கிடையாது.